மார்கிட்டின் புருசன்

வெஸ்ட்லி, ஒஸ்லோ
16.10.2023

அன்புத் தம்பி ஜோர்ஜுக்கு,

மடு மாதா உன்னையும் மகள் மேரினையும் காப்பாற்றட்டும். எனக்கு முழங்கால் குத்து, மற்றபடி சுகம். கடலில் இருந்து எப்போது இறங்குகிறாய்?

அக்காவுக்கு ஏன் திடீரென்று கடிதம் எழுதும் புத்தி வந்தது என்று யோசிப்பாய். உன் மனைவி நிலூஜா பக்கத்து அறையில். இந்த வீட்டுச் சுவர் மட்டை போல. போனில் கதைத்தால் ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்கும். கைபேசியில் தமிழ் தட்டவும் எனக்கு வராது.

நிலூஜா நன்றாகத்தான் இருக்கிறாள். ஞாயிறு பின்னேரம் வருகிறாள், வெள்ளிக்கிழமை உங்களிடம் பறக்கிறாள். நோயில் கிடக்கும் அந்த உறுப்பினர் எழும்பி வரும் வரை பாராளுமன்றத்தில் அவருடைய கதிரை இவளுக்குத்தான் என்று சொன்னாள். கோயிலில் எல்லோரும் என்னிடம்தான் விசாரிக்கிறார்கள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேருமாக ஒரு டெனிஷ் தொடர் பார்க்கிறோம். மார்கிட் என்று ஒருத்தி மந்திரியாகிறாள். புருசன் ஊலே தன் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு வீட்டில் நிற்கிறான். ஆறின சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு இருக்கிறான், அவள் வரவில்லை. "பாவம் அந்த மனிசன்" என்று சொன்னேன். நிலூஜா சிரித்தாள். "பாவம் இல்லை மச்சாள். அவருக்கு வாய் இருக்குதெல்லோ, கேக்கலாம்தானே" என்றாள்.

நீயும் பார். ஞாயிறு எட்டு மணிக்குப் போகும்.

உன் நலத்தை நாடும்
அக்கா மேரியம்மா


ஸ்தவாங்கர்
30.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மேரினுக்குச் சோதனை நெருங்குகிறது, படிக்கிறாள். முழங்காலுக்கு டொக்டரிடம் போங்கள், தைலம் போதாது.

உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருசம்! உறையைத் திறக்க முதல் யாரோ செத்துப்போனார்கள் என்று பயந்துவிட்டேன்.

அந்தத் தொடரைக் கடலில் எங்கள் எண்ணெய் மேடையிலும் பார்க்கிறார்கள். சாப்பாட்டு அறையில் இருபது ஆம்பிளைகள். எல்லோரும் ஊலேயின் பக்கம். "இவள் இவனை விட்டுவிடுவாள், இருந்து பார்" என்று எங்கள் சமையல்காரன் சவால் விட்டிருக்கிறான். எனக்கு மார்கிட்டைப் பிடிக்கவில்லை. வீட்டில் ஒரு சொல் இல்லை, வெளியில் என்ன பேச்சு.

நிலூஜா அப்படி இல்லை. அவளுக்கு நாக்குத் தடக்கும், உங்களுக்குத் தெரியுந்தானே. ஒரு சொல்லில் நின்று திணறுவாள். டொக்டரிடம், பள்ளிக்கூடத்தில், வங்கியில், எல்லா இடத்திலும் அவள் தொடங்க நான் முடித்து வைப்பேன். அங்கே யார் முடித்து வைக்கிறார்களோ!

ஒன்று கேட்க வேண்டும். புதன்கிழமைகளில் பின்னேரம் போன் எடுத்தால் மறுமொழி இல்லை. கூட்டமா?

அன்புடன்
ஜோர்ஜ்


வெஸ்ட்லி
08.11.2023

அன்புத் தம்பிக்கு,

சுகமாயிருக்க மன்றாடுகிறேன். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள், குறைவு.

நீ கேட்டபடியால் எழுதுகிறேன், கேட்டிருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன். புதன்கிழமை அவள் வர ஏழரை எட்டாகிறது. "கூட்டமோ?" என்று நானும் கேட்டேன். "ஒரு அலுவல் மச்சாள்" என்றாள். அவளுடைய கோட்டைத் தூக்கிக் கொழுவும்போது லில்லெஸ்ட்ரோம் போய்வந்த ரயில் சீட்டு விழுந்தது. பாராளுமன்றம் லில்லெஸ்ட்ரோமில் இல்லையே.

பிறகு ஒரு பெயர். ரகு. தமிழ்நாட்டுப் பெடியன், கொம்பியூட்டர் ஆராய்ச்சி என்று மட்டும் சொன்னாள். அவனோடு போனில் கதைக்கும்போது அவளுடைய தமிழே மாறுகிறது. "சரிங்க, வந்துடுறேங்க" என்கிறாள். நான் குசினியில் சமைத்துக்கொண்டு நின்று கேட்டேன். நாங்கள் எப்போது 'ங்க' போட்டுக் கதைத்தோம்?

இதில் ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம்.

தொடரில் மார்கிட்டுக்கு யெஸ்பர் என்று ஒரு ஆலோசகன் வந்திருக்கிறான். அவளுக்குப் பேச்செல்லாம் எழுதிக் கொடுக்கிறவன் அவன்தான். போன கிழமை காரில் கொண்டுவந்து விட்டான். அவள் இறங்காமல் இரண்டு நிமிசம் இருந்தாள். அவ்வளவுதான், ஒன்றும் காட்டவில்லை. என்னோடு வேலை செய்கிற நோர்வேக்காரி மறுநாள் சொன்னாள், பார்க்கிறவர்களுக்கு முதலே தெரியுமாம், புருசனுக்குத்தான் கடைசியில் தெரியுமாம்.

மனதைப் போட்டு உழப்பாதே.

அக்கா


ஸ்தவாங்கர்
13.11.2023

அக்கா,

கடிதம் இன்று கிடைத்தது, இன்றே எழுதுகிறேன். நாங்கள் சுகம்.

யார் இந்த ரகு? வயதென்ன? கலியாணம் கட்டினவனா? நிலூஜா என்னிடம் அவனுடைய பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்கப் போவதில்லை. கேட்டால் அவளுக்கு நாக்குத் தடக்கும், அது பொய்யால் தடக்கிறதா பழக்கத்தால் தடக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு நான் தனியே இருந்து பார்த்தேன். ஊலே அவளுடைய கைப்பையைத் திறந்து பார்க்கிறான், பார்த்துவிட்டு மூடி வைக்கிறான். எண்ணெய் மேடையில் அவன் பக்கம் நின்றவர்களே இதைப் பார்த்தால் அவனைப் பெட்டை என்று சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீங்கள்தான் எனக்கு அங்கே கண். உடனே எழுதுங்கோ அக்கா. சின்ன விசயம் என்றாலும் எழுதுங்கோ.

ஜோர்ஜ்


வெஸ்ட்லி
07.12.2023

அன்புத் தம்பிக்கு,

திருவருகைக் காலத்து ஆசீர்வாதம் உங்கள் வீட்டில் இருக்கட்டும். இங்கே பனி முழங்கால் வரை. என் முழங்காலைப் பற்றி இனி எழுதவில்லை.

நேற்றுப் புதன்கிழமை. நான் லில்லெஸ்ட்ரோமுக்குப் போனேன். நூல் வாங்க என்று என் மனதுக்கே சொல்லிக்கொண்டு போனேன். நூலும் வாங்கினேன். நிலையத்துக்கு முன்னால் உள்ள கடைக்குள் நின்று கண்ணாடியால் பார்த்தேன். நாலு மணி ரயிலில் அவள் இறங்கினாள். ஒரு நீலக் கார் நின்றது. கண்ணாடி போட்ட ஒருவன், உன்னைவிடப் பத்து வயது குறைவாக இருப்பான், இறங்கி வந்து அவளுடைய பையை வாங்கினான். அவள் ஏதோ சொல்ல அவன் அப்படியே நின்று கேட்டான். பனி அவன் தலையில் கொட்டுகிறது, நின்று கேட்கிறான். பிறகு இருவரும் காரில் ஏறிப் போனார்கள்.

நான் கண்டது இவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தவள் களைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. சோறு போட்டுக் கொடுத்தேன். "எங்கை போட்டு வாறாய்?" என்று கேட்டேன். "சொல்லுறன் மச்சாள், இப்ப இல்லை" என்றாள்.

தொடரில் ஊலே வீட்டை விட்டுப் போய்விட்டான், பார்த்தாய்தானே. கோயிலுக்கு வருகிற இந்திராகூட அதைப் பார்த்து அழுதாளாம். நிலூஜா மட்டும் அழவில்லை. "அந்த மனிசி தன்ரை புருசனுக்கு ஏன் சொல்லேல்லை எண்டு எல்லாரும் கேக்கினம். அவன் எப்ப கேட்டவன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள். இதை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நீயே விளங்கிக்கொள்.

அக்கா


ஸ்தவாங்கர்
02.01.2024

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருச வாழ்த்துகள். நீங்கள் அனுப்பிய பலகாரம் உடையாமல் வந்தது.

நத்தார் பண்டிகைக்கு வந்து நின்ற பத்து நாளும் நிலூஜா என்னோடு நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. காலையில் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு தாழ்ந்த குரலில் கதைக்கிறாள். தண்ணீரைத் திறந்து விட்டுக் கதைக்கிறாள். கதவில் காதை வைத்தேன். என் வீட்டில், என் கதவில். நோர்வேஜிய மொழியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப, கெஞ்சுகிற மாதிரி; தண்ணீர்ச் சத்தத்தில் என்ன சொல் என்று பிடிபடவில்லை. வெளியில் வந்தவளிடம் "ஆரோடை கதைச்சனி?" என்று கேட்டேன். "ஒ... ஒ..." என்று நின்றாள். "ஒருத்தரும் இல்லை, அப்பிடித்தானே?" என்று நானே முடித்தேன். தலையாட்டினாள்.

மேரின் என்னைப் பார்க்கிற பார்வை சரியில்லை. "அப்பா, அம்மாட்டை நேரை கேளுங்கோவன்" என்கிறாள். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது?

தொடரின் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள். அவளைப் பற்றியும்.

ஜோர்ஜ்


வெஸ்ட்லி
05.02.2024

அன்புத் தம்பிக்கு,

உன் சுகத்துக்கு மன்றாடுகிறேன். நீ கடலில் நிற்பதால் இது உனக்குப் பிந்தித்தான் கிடைக்கும்.

இந்தக் கிழமை நிலூஜா உங்களிடம் வராமல் இங்கேயே நின்றாள். நேற்று வீட்டுக்கு ஒரு விருந்தாளி. ரோல்ஸ் பொரித்தேன், றால் குழம்பு வைத்தேன். நல்லாயிருக்கு என்று இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார்கள். அத்தான் எட்வேட் செத்த பிறகு என் மேசையில் மூன்று கோப்பை வைத்தது நேற்றுத்தான்.

தொடரில் மார்கிட் ஊலேயிடம் வந்து, "எங்களுக்குள் ஒன்றும் இல்லை" என்று சத்தியம் பண்ணுகிறாள். அடுத்த காட்சியில் யெஸ்பரின் வீட்டில் நிற்கிறாள். எப்படி மனம் வருகிறதோ. பத்திரிகையில் வாசகர்களிடம் கேட்டிருக்கிறார்கள், ஊலே மன்னிக்கலாமா என்று. பாதிக்கு மேல் கூடாது என்கிறார்கள்.

நீ கேட்ட விசயத்தில் புதிதாக எழுத ஒன்றும் இல்லை. புதன்கிழமை வழமைபோலத்தான்.

மார்ச் 12ஆம் திகதி, செவ்வாய், பதினொரு மணிக்கு அவள் சபையில் முதன்முதலாகப் பேசுகிறாள். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்களைப் பற்றி. தொலைக்காட்சியில் நேரடியாகப் போகுமாம்.

கெதியாக எழுது.

அக்கா


ஸ்தவாங்கர்
26.02.2024

அக்கா,

சுகம் விசாரிக்க மனம் இல்லை, குறை நினைக்க வேண்டாம்.

12ஆம் திகதி காலை விமானத்தில் வருகிறேன். அவள் பேசுகிற நாளில் ரகுவும் பார்க்க வருவான்தானே. யெஸ்பரும் அப்படித்தான் மேலே இருந்து பார்க்கிறவன். நான் ஊலே மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாய் பொத்திப் போகிற ஆள் இல்லை. நாலு பேருக்கு முன்னால் கேட்கப் போகிறேன்.

அவளிடம் சொல்ல வேண்டாம். நான் செய்வது பிழை என்றால் உடனே எழுதுங்கோ. எழுதாவிட்டால் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

ஜோர்ஜ்


லில்லெஸ்ட்ரோம்
24.03.2024

ஜோர்ஜுக்கு,

நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. எழுத்தில் எனக்குத் தடக்காது.

புதன்கிழமைகளில் நான் போனது ரகுவின் மனைவி ஹரிப்ரியாவிடம். திக்குகிறவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது அவளுடைய வேலை. அவர்கள் வீடு நிலையத்திலிருந்து தூரம், பனிக்காலம், ரகு காரில் வந்து ஏற்றுவார். நான் ஒரு சொல்லில் நின்றால் அந்தச் சொல் வரும் வரைக்கும் ஒன்றும் பேசாமல் நிற்க வேண்டும் என்று அவள் புருசனுக்கும் பழக்கியிருந்தாள். நத்தாருக்குக் குளியலறையில் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தது என் பேச்சின் முதல் வரி. "மதிப்புக்குரிய அவைத்தலைவர்." அந்த ஒரு சொல்லோடு ஐந்து மாதம் மல்லுக்கட்டினேன்.

உங்களிடம் சொல்லாதது என் பிழையாக இருக்கலாம். சொன்னால் அடுத்த கிழமையே நீங்கள் பயிற்சி கொடுக்கத் தொடங்கியிருப்பீர்கள். ஒரு தடவையாவது நான் தொடங்கினதை நானே முடித்து, அதை நீங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

பாராளுமன்ற வாசலில், பார்வையாளர் வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் நிற்க, எங்கள் கட்சிக் குழுத் தலைவி பக்கத்தில் நிற்க, என் கையைப் பிடித்துக்கொண்டு "ஆர் அவன்? எத்தினை நாளா?" என்று கத்தினீர்கள். அவர்களுக்குத் தமிழ் விளங்கவில்லை, ஆனால் எல்லாம் விளங்கியது. நாற்பது நிமிசத்தில் நான் மேடையில் நின்றேன். முதற் சொல் வரவில்லை. அவைத்தலைவர் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். நான் இறங்கிவிட்டேன். அந்தக் காணொளித் துண்டு இப்போது எல்லாத் தமிழ்க் குழுக்களிலும் போகிறது. கீழே கருத்து எழுதுகிறவர்களுக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது.

இருபது வருசம் நீங்கள் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் கடலுக்குப் போய் வந்தீர்கள். நான் யாருக்கும் கடிதம் எழுதி விசாரிக்கவில்லை.

மச்சாள்தான் எல்லாம் எழுதினா என்று அன்று சொன்னீர்கள். அதை நான் நம்பவில்லை. பெப்ரவரி மாதம் ஹரிப்ரியாவை நானே வெஸ்ட்லிக்குக் கூட்டிக்கொண்டு போய் மச்சாளுக்குக் காட்டினேன். எல்லாம் சொன்னேன். நடந்ததைக் கேட்டு ஹரிப்ரியா, "உங்க நாத்தனார் கையால ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேனே, அவங்களுக்குத் தெரியுமே!" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஜனவரி மாதம் பாராளுமன்றத்தால் எனக்குத் தனிவீடு தந்தார்கள். மச்சாள் தனிய இருப்பா என்று வேண்டாம் என்றேன்.

இப்போது ஹரிப்ரியா வீட்டில்தான் இருக்கிறேன், நான் ஸ்தவாங்கருக்கு வரமாட்டேன். மேரினோடு கதைத்துவிட்டேன்.

நிலூஜா


ஸ்தவாங்கர்
03.04.2024

அக்கா,

நிலூஜாவின் கடிதத்தைப் பிரதி எடுத்து இதற்குள் வைத்திருக்கிறேன். உயிர்த்த ஞாயிறு முழுக்க அதையும் உங்களுடைய கடிதங்களையும் திகதிப்படி அடுக்கி வைத்து வாசித்தேன்.

பெப்ரவரி 4ஆம் திகதி உங்கள் வீட்டுக்கு வந்த விருந்தாளி யார்?

ஜோர்ஜ்


வெஸ்ட்லி
21.04.2024

தம்பி,

பதில் எழுத பதினெட்டு நாள் எடுத்துவிட்டது.

விருந்தாளி ஹரிப்ரியாதான். நல்ல பிள்ளை. சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவ வந்தாள், நான் விடவில்லை. நிலூஜா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு எல்லாம் சொன்னாள். "இவருக்கு இப்ப சொல்லாதேங்கோ மச்சாள், பேசி முடிச்ச உடனை நானே சொல்லுறன்" என்றாள். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அவளுக்குக் கொடுத்த வாக்குக்காக மறைத்தேன் என்று சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அவரும் தேற்றினார். அது பொய். உனக்கு நான் ஒரு வரி எழுதியிருக்கலாம், 'சந்தேகப்படாதே, நான் விசாரித்தேன், ஒன்றும் இல்லை' என்று. அவளுடைய வாக்கும் உடைந்திருக்காது. பேனையை எடுத்து எழுதத்தான் இருந்தேன். எழுதினால் நீ ஆறுதலாகி, நன்றி அக்கா என்று எழுதிவிட்டு நிறுத்தியிருப்பாய்.

எட்வேட் செத்து ஆறு வருசம். நீ எனக்கு நத்தாருக்கு ஒரு போன், பிறந்தநாளுக்கு ஒரு படம். நானும் நிலூஜாவும் டெனிஷ் நாடகம் பார்க்கிறோம் என்று எழுதினதற்கு நீ இரண்டு கிழமை கழித்து மறுமொழி போட்டாய். லில்லெஸ்ட்ரோம் சீட்டைப் பற்றி எழுதினேன், கிடைத்த அன்றே எழுதினாய். 'நீங்கள்தான் எனக்கு அங்கே கண்', 'உடனே எழுதுங்கோ அக்கா'. அந்தக் கடிதத்தை நான் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். பதினேழு வயதில் உன்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவள் நான். அதற்குப் பிறகு நீ என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

நீ வருகிறாய் என்று தெரிந்தும் நான் எழுதவில்லை. 12ஆம் திகதி காலையில் அவளுடைய ஜக்கெற்றில் ஒட்டியிருந்த நூலை எடுத்துவிட்டு, "வடிவாப் பேசு பிள்ளை" என்று சொல்லி அனுப்பினேன். பிறகு தொலைக்காட்சியைப் போட்டு வைத்துக்கொண்டு இருந்தேன். அவள் வாய் திறந்து திறந்து மூடினதை முழுவதும் பார்த்தேன். நிற்பாட்டவில்லை.

கோயிலில் இந்திராவும் மற்றவர்களும் வந்து, "உங்கடை மச்சாளைப் பாத்தனாங்கள், என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன்.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒரு வரி எழுது.

அக்கா


ஸ்தவாங்கர்
13.05.2024

மேரியம்மா அக்காவுக்கு,

பிரிவுப் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்து வைத்துவிட்டோம். மேரின் சோதனை முடிய ஒஸ்லோவுக்குத் தாயிடம் போகிறாள். நிலூஜா இந்த மாதத்தோடு சபையை விட்டு விலகுகிறாள். அடுத்த தேர்தலுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிக் கட்சி கேட்டதாம், மாட்டேன் என்றுவிட்டாள்.

நான் உங்களைக் குற்றம் சொல்லப் போவதில்லை. நீங்கள் எழுதினதில் பெப்ரவரி மாதம் வரைக்கும் ஒரு பொய்யும் இல்லை. பை வாங்கினான், நின்று கேட்டான், காரில் ஏறினார்கள். மிச்சத்தை நான்தான் போட்டு நிரப்பினேன். மேசையில் எனக்கு எதிரே இருந்தவளிடம் பத்து நாளும் கேட்காமல் உங்களிடம் கேட்டேன்.

போன சனிக்கிழமை அவள் தன் உடுப்புகளை எடுக்க வந்தாள். உங்கள் கடிதங்களைப் பார்க்க வேண்டும் என்றாள். கொடுத்தேன். குசினியில் நின்றபடியே, கோட்டைக் கழற்றாமல், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டு, "மச்சாள் வடிவா எழுதுறா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீங்கள் எழுதினது?" என்று கேட்டாள். அக்காவிடம் இருக்கிறது என்றேன்.

வருகிற வெள்ளிக்கிழமை, நோர்வேயின் தேசிய நாள், நாலு மணிக்கு ஊர்வலம் முடிந்து அவள் வெஸ்ட்லிக்கு வருவாள். என்னுடைய கடிதங்கள் எல்லாவற்றையும் அவளிடம் கொடுங்கள், தலையணைக்குக் கீழே இருப்பதையும். உங்கள் வீட்டுத் திறப்பு இன்னும் அவளிடம்தான் இருக்கிறது. ஆனால் அவள் திறந்துகொண்டு வரமாட்டாளாம், மணி அடித்துவிட்டு வெளியில் நிற்பாளாம்.

ஜோர்ஜ்